பித்தப்பைக் கல்லுக்கு எந்த ஸ்கேன்? அல்ட்ராசவுண்டுக்குப் பிறகு எங்கே போவது

பித்தப்பையில் கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ பக்கத்து சென்டரில் அல்ட்ராசவுண்ட் எடுத்தால் போதுமா, வேலூருக்குப் போய் சி.டி. எடுத்துவிடலாமா, எம்.ஆர்.ஐ. கருவியில் எடுக்கும் எம்.ஆர்.சி.பி. என்கிறார்களே அது இன்னும் துல்லியமா? "எடுக்கிறதுதான் எடுக்கிறோம், பெரிய ஸ்கேனாவே எடுத்துடலாம்" என்று ஒருவராவது சொல்வார். பித்தப்பை விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. விலை கூடிய சி.டி. தவறவிடும் கல்லை விலை குறைந்த அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு கேள்விக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும். பையில் கல் இருக்கிறதா? பை வீங்கி அழற்சி கண்டிருக்கிறதா? கல் பித்தக் குழாய்க்குள் இறங்கிவிட்டதா? கல்லே இல்லாமல் பை சரியாகச் சுருங்க மறுக்கிறதா? இவற்றில் எந்தக் கேள்வி உங்களுக்குப் பாக்கி இருக்கிறதோ, அதற்குப் பதில் தருவதைத்தான் எடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் வலியின் குணத்தைக் கவனியுங்கள். பித்தப்பை வலி மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழோ ஏறி, அரை மணி முதல் சில மணி நேரம் வரை விடாமல் நிற்கும். வலது தோள்பட்டைப் பக்கம் இழுக்கும். ஏப்பம் விட்டாலும் மலம் கழித்தாலும் புரண்டு படுத்தாலும் குறையாது. பெரும்பாலும் நிறையச் சாப்பிட்ட இரவில் வரும். வெறும் வயிற்று உப்புசமும் புளித்த ஏப்பமும் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பித்தப்பை வேலையாக இருக்காது. நாற்பதைத் தாண்டியவருக்கோ சர்க்கரை நோயாளிக்கோ மேல்வயிற்று வலியோடு வியர்த்துக் கொட்டினால் முதலில் எடுக்க வேண்டியது இ.சி.ஜி. இதயத்தின் அடிப்பகுதியைத் தாக்கும் மாரடைப்பு "வாயுப் பிடிப்பு" போலவே தோன்றி ஏமாற்றும்.

முதல் படி: வெறும் வயிற்றில் அல்ட்ராசவுண்ட்

பைக்குள் இருக்கும் கல்லைக் காண இதைவிட நல்ல கருவி இல்லை. ஒழுங்காக எடுத்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் கல்லைக் கண்டுபிடித்துவிடும். கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது, கால் மணி நேரத்தில் முடியும். நம் பகுதியில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல் தாலுகா ஊர்களின் சென்டர்கள் வரை இது கிடைக்கிறது. ஆனால் "ஒழுங்காக எடுத்தால்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

6 முதல் 8 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். பலர் தவறுவது இங்கேதான். முதல் பஸ்ஸில் வேலூர் வந்து இறங்கி, "டீதானே" என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு பால் டீ குடித்துவிட்டுப் போய்ப் படுக்கிறார்கள். பாலின் கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. உடனே பை சுருங்கித் தன்னிடமிருந்த பித்தத்தை வெளியே தள்ளிவிடும். கல் பளிச்சென்று தெரிவதே அதைச் சுற்றிப் பித்தம் கறுப்பாக நிற்பதால்தான். பித்தம் போய்விட்டால் சின்னக் கல் மறைந்துவிடும். சுருங்கிய பையின் சுவரும் உள்ளதைவிடத் தடிப்பாகத் தெரியும். "பை சுருங்கியுள்ளது" என்ற ஒரு வரியோடு ரிப்போர்ட் வந்தால், என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்து, மறுநாள் வெறும் வயிற்றில் திரும்ப எடுப்பதுதான் சரி. கற்கள் நிறைந்து பை நிரந்தரமாகவே சுருங்கிப் போயிருந்தாலும் இதே வரி வரலாம் என்பதால் அதை அலட்சியப்படுத்தவும் கூடாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் காலை முதல் டோக்கனாகக் கேட்டு வாங்குங்கள். சாப்பிடாமல் மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். காலை மருந்தை எப்போது எடுப்பது என்று முந்தைய நாளே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஸ்கேன் எடுப்பவர் உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து மட்டும் பார்த்தால் போதாது. இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, மறுபடியும் பார்க்க வேண்டும். கல்லாக இருந்தால் வெள்ளைக் கோடாகத் தெரிந்து, பின்னால் கறுப்பு நிழல் விழும். உடம்பைத் திருப்பினால் உருளும். சுவரில் ஒட்டிய சதை வளர்ச்சியான பாலிப் உருளாது, நிழலும் விழாது. பையின் கழுத்தில் சிக்கிய கல்லும் உருளாது. மல்லாக்கப் பார்க்கையில் மிக எளிதாகக் கண்ணில் படாமல் போவதும் அதுதான். இன்னொன்று: பை இருக்கும் இடத்தில் ஸ்கேன் கருவியின் முனையான புரோபை அழுத்தும்போது அங்கே மட்டும் சுரீர் என்று வலித்தால் அது அழற்சிக்கு வலுவான அடையாளம். ஸ்கேனுக்கு முன் வலி ஊசி போட்டிருந்தால் இந்த அடையாளம் மறைந்துவிடும். ஊசி போட்டதை எடுப்பவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் கல்லின் அளவைவிட முக்கியமான இரண்டு எண்கள் உண்டு. பையின் சுவர் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பொதுப் பித்தக் குழாய் 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடலாம், பையை ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு 10 மி.மீ. வரை இருக்கலாம். குழாய் விரிந்திருந்தால் கீழே ஏதோ அடைத்திருக்கலாம் என்று பொருள்.

சுவர் தடிப்பைப் பார்த்ததும் பதற வேண்டாம். மழைக்காலத்தில் டெங்கு காய்ச்சலோடு வருபவர்களுக்குப் பித்தப்பைச் சுவர் நன்றாகவே தடித்திருக்கும், சுற்றி நீரும் தெரியும். அது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் வருவது. காய்ச்சல் தணிந்தால் தானே வடிந்துவிடும். மஞ்சள் காமாலைக் கிருமி, ஈரல் சுருக்கம், இதயக் கோளாறு, ரத்தத்தில் ஆல்புமின் குறைவு ஆகியவற்றிலும் சுவர் தடிக்கும். காய்ச்சலும் பிளேட்லெட் குறைவும் இருக்கிற ஒருவரை, கல்லே இல்லாதபோது, சுவர் தடிப்பை மட்டும் வைத்து அறுவைக்கு இழுக்கக் கூடாது.

அல்ட்ராசவுண்டின் பலவீனம் பித்தக் குழாயின் கீழ்முனை. முன்சிறுகுடலில் இருக்கும் காற்று அந்த இடத்தை மறைத்துவிடும். அதனால் "குழாயில் கல் தெரியவில்லை" என்ற வரிக்கு "குழாயில் கல் இல்லை" என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். பல வீடுகளில் முடிவு தவறுவது இந்த ஒரு வரியில்தான்.

அதே காலையில் ரத்தம்

ஸ்கேன் எடுக்கும் அன்றே ஈரல் பரிசோதனை என்கிற எல்.எஃப்.டி.யும், ரத்த அணு எண்ணிக்கையும், கணைய நொதியான லிப்பேஸும் பார்க்க ரத்தம் கொடுத்துவிடுவது நல்லது. கல் குழாயில் சிக்கிய சில மணி நேரத்திலேயே ஈரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் நூற்றுக்கணக்கில் ஏறும். கல் நழுவிவிட்டால் ஓரிரு நாளில் மளமளவென்று இறங்கும். அடைப்பு நீடித்தால் மஞ்சள் நிறமியான பிலிரூபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் ஏறும். ஆகவே வலி வந்து ஒரு வாரம் கழித்து எடுத்த ரத்தம் நார்மல் என்றால் அது பெரிய சான்று அல்ல. வலி இருக்கும்போதோ மறுநாளோ எடுத்ததுதான் பேசும். லிப்பேஸ் வழக்கமான மேல் எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால், அந்த வலியோடு சேர்த்துக் கணைய அழற்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் கண் மஞ்சளானால் கீழாநெல்லிக்கும் பத்தியச் சாப்பாட்டுக்கும் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சிறுநீர் டீத்தூள் நிறத்திலும் மலம் வெளிறிச் சாம்பல் நிறத்திலும் போய், உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தால் அது குழாய் அடைப்பாக இருக்கலாம். அடைப்பை எந்தப் பத்தியமும் நீக்காது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் குழாய்க்குள் கிருமி பெருக வழிவிடும்.

குழாயில் கல் சந்தேகமா? மூன்று பாதைகள்

ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டிய உண்மையான இடம் இதுதான். எம்.ஆர்.சி.பி., எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் என்கிற இ.யு.எஸ்., இ.ஆர்.சி.பி. மூன்றுமே குழாயைக் காட்டும். ஆனால் முதல் இரண்டு பார்ப்பதற்கு, மூன்றாவது வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு, குழாயின் வாயை வெட்டிக் கல்லை எடுப்பதற்கு.

அமெரிக்க எண்டோஸ்கோப்பி மருத்துவர் சங்கம் 2019-இல் வகுத்த வழிகாட்டல் இந்தக் கிளைப் பாதையைத் தெளிவாகப் பிரிக்கிறது. ஸ்கேனில் குழாய்க்குள் கல்லே தெரிந்தாலோ, குழாயில் சீழ் பிடித்த அறிகுறிகள் இருந்தாலோ, பிலிரூபின் 4 மி.கி.க்கு மேல் ஏறி குழாயும் விரிந்திருந்தாலோ நேரே இ.ஆர்.சி.பி. ஈரல் அளவுகள் கூடியிருப்பது, குழாய் விரிந்திருப்பது, வயது 55-ஐத் தாண்டியிருப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் முதலில் எம்.ஆர்.சி.பி.யோ இ.யு.எஸ்.ஸோ. எதுவும் இல்லையென்றால் குழாய்க்கு ஸ்கேனே வேண்டாம், பையை எடுக்கும் அறுவைக்கு நேராகப் போகலாம். பார்ப்பதற்காக மட்டும் இ.ஆர்.சி.பி. செய்துகொள்ளும் காலம் போய்விட்டது. அதை யாராவது "ஒரு பார்வை பார்த்துவிடலாம்" என்று சொன்னால், எம்.ஆர்.சி.பி. ஏன் போதாது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம் எளியது: இ.ஆர்.சி.பி. செய்துகொள்ளும் 100 பேரில் 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வருகிறது. ரத்தக் கசிவும் குடலில் துளையும் அரிதாக வரலாம். கல் இருக்கிறவருக்கு இந்த ஆபத்தை ஏற்பதில் நியாயம் இருக்கிறது, இல்லாதவருக்கு இல்லை.

எம்.ஆர்.சி.பி. என்பது எம்.ஆர்.ஐ. கருவியிலேயே பித்தக் குழாய்களுக்காக எடுக்கும் படம். தேங்கி நிற்கும் பித்தமே வெள்ளையாக ஒளிரும், அதற்குள் கல் கறுப்புப் பள்ளமாகத் தெரியும். சாய ஊசி வேண்டாம், கதிர்வீச்சும் இல்லை. 4 முதல் 6 மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும், இல்லையென்றால் இரைப்பையிலும் குடலிலும் உள்ள நீரும் ஒளிர்ந்து குழாயை மறைக்கும். உள்ளே ஏறக்குறைய அரை மணி நேரம். இடையிடையே 15, 20 நொடி மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். அப்போது அசைந்தால் படம் கலங்கி, சின்னக் கல் போய்விடும். வலி அதிகமாக இருக்கும் நேரத்தில் மூச்சைப் பிடிக்க முடியாது, அதனால் வலியைக் கொஞ்சம் தணித்துவிட்டு எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. மூக்குத்தி, மெட்டி, கொலுசு, ஊக்கு, கொண்டை ஊசி, வெள்ளி அரைஞாண் கொடி, அதில் கோத்த தாயத்து வரை எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். பழைய மெட்டி விரலில் இறுகி, ஸ்கேன் அறை வாசலில் சோப்புத் தண்ணீர் போட்டு இழுக்கிற நிலைமை வேண்டாம். தாலிச் சரடைக் கழற்ற மனம் வராதவர்கள் உலோகம் கோக்காத மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வரலாம். பேஸ்மேக்கர், மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி இருந்தால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே பையை எடுத்தபோது போட்ட கிளிப்புகள் பெரும்பாலும் டைட்டானியம். அவற்றால் ஆபத்தில்லை, ஆனால் பக்கத்தில் கொஞ்சம் இருட்டு விழும். முன்பு இ.ஆர்.சி.பி. செய்தவருக்குக் குழாயில் காற்று தங்கியிருந்தால் அது கல் போலவே தோன்றும். அந்தப் பழைய தாள் கையில் இருந்தால் தவறான ரிப்போர்ட் தப்பும்.

எம்.ஆர்.சி.பி. தடுமாறுவது 5 மி.மீ.க்குக் குறைந்த கற்களில். அங்கேதான் இ.யு.எஸ். ஜெயிக்கிறது. எண்டோஸ்கோப் குழாயின் நுனியில் சின்ன அல்ட்ராசவுண்ட் புரோப் இருக்கும். முன்சிறுகுடல் வரை போய், அதன் சுவரை ஒட்டியே ஓடும் பித்தக் குழாயைப் பக்கத்தில் நின்று பார்க்கும். வயிற்றின் மேலிருந்து பார்க்கையில் மறைக்கும் காற்று இங்கே குறுக்கே வராது. மணல் போன்ற கசடுகூடத் தெரியும். ஆனால் மயக்க மருந்து வேண்டும், 6 முதல் 8 மணி நேர உண்ணாநோன்பு வேண்டும், கூட ஒருவர் வந்தாக வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. நல்ல பயிற்சி பெற்ற கையும் வேண்டும்.

எங்கள் கணிப்பு இது: நடுத்தரச் சந்தேகம் உள்ள பெரும்பாலானவர்களுக்கு எம்.ஆர்.சி.பி. முதலில். அது சுத்தமாக வந்தும் ஈரல் அளவுகள் விடாமல் ஏறினாலோ, காரணம் தெரியாத கணைய அழற்சி திரும்பத் திரும்ப வந்தாலோ, பேஸ்மேக்கர் இருந்தாலோ, மூடிய இடத்தில் மூச்சு முட்டுபவராக இருந்தாலோ இ.யு.எஸ். இன்னொரு வசதியும் உண்டு: இ.யு.எஸ்.ஸில் கல் தெரிந்தால் அதே மயக்கத்திலேயே இ.ஆர்.சி.பி. செய்து எடுத்துவிட முடிகிற இடங்கள் இருக்கின்றன. சந்தேகம் பலமாக இருப்பவர்கள் இதை முன்பே கேட்டு ஒப்புதல் கொடுத்துவைத்தால் இரண்டு மயக்கம் ஒன்றாகும். இரைப்பையை வெட்டிக் குடலோடு இணைக்கும் அறுவை செய்தவர்களுக்கு மட்டும் ஸ்கோப் அந்த இடத்துக்குப் போவதே கடினம், அவர்களுக்கு எம்.ஆர்.சி.பி.தான்.

இ.ஆர்.சி.பி. என்று முடிவானால், அன்று ரத்தம் உறையும் அளவான ஐ.என்.ஆர். பார்ப்பார்கள். அடைப்பு நாள்பட்டிருந்தால் குடலில் பித்தம் இல்லாமல் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறைவது தாமதிக்கும்; அதற்கு ஊசி போட்டுச் சரிசெய்துவிட்டுத்தான் குழாய் வாயை வெட்டுவார்கள். கணைய அழற்சியைக் குறைக்க டைக்ளோஃபெனாக்கோ இண்டோமெத்தசினோ 100 மி.கி. ஆசனவாய் வழியாக வைப்பது இப்போது வழக்கம். முடிவில் குழாய் அடைபடாமல் இருக்க பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தால் அதைச் சுமார் மூன்று மாதத்துக்குள் எடுத்தோ மாற்றியோ ஆக வேண்டும். வலி போனதும் ஊருக்குப் போய் மறந்துவிடுகிறார்கள். மறந்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு, குழாயில் சீழ் பிடித்து, முதலில் வந்ததைவிட மோசமாகத் திரும்பி வர வைக்கும். எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரிலேயே எழுதிவிடுங்கள்.

ஹைடா ஸ்கேன், சி.டி., எண்டோஸ்கோப்பி

மற்ற ஸ்கேன்கள் பையின் உருவத்தைக் காட்டும், ஹைடா அதன் வேலையைக் காட்டும். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். அதை ஈரல் வாங்கிப் பித்தத்தோடு விடும், பைக்குள்ளும் குடலுக்குள்ளும் அது போவதை காமா கேமரா பதிவு செய்யும். ஒரு மணி நேரத்துக்குள் பை தெரிந்துவிட்டால் கல்லால் வரும் திடீர் அழற்சி கிட்டத்தட்ட இல்லை என்று சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் சிறிதளவு மார்ஃபின் கொடுத்து மேலும் அரை மணி நேரமோ, மார்ஃபின் இல்லாமல் 4 மணி நேரம் வரையோ காத்திருந்து பார்ப்பார்கள். அப்போதும் தெரியவில்லையென்றால் பையின் வாய்க்குழாய் அடைபட்டிருக்கிறது.

அல்ட்ராசவுண்டும் ரத்தமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் அழற்சியா இல்லையா என்று திண்டாடும்போதும், கல்லே இல்லாமல் அசல் பித்தப்பை வலி திரும்பத் திரும்ப வரும்போதும் இது கைகொடுக்கும். இரண்டாவது நிலைமையில் பையைச் சுருங்க வைக்கும் சின்கலைடு ஊசியை ஒரு மணி நேரத்துக்கு மெதுவாக ஏற்றி, எவ்வளவு பித்தம் வெளியே போகிறது என்று அளப்பார்கள். 38 சதவீதத்துக்குக் குறைந்தால் பை சோம்பியிருக்கிறது. ஊசி கிடைக்காத இடங்களில் கொழுப்புள்ள உணவு கொடுத்து அளப்பதும் உண்டு.

இதிலும் வயிற்றுக் கணக்கு முக்கியம். 4 மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும், ஆனால் 24 மணி நேரத்துக்கு மேல் பட்டினி கிடந்திருந்தால் பை கசடு நிறைந்து மருந்தை உள்ளே விடாது, இல்லாத அழற்சி இருப்பதாகக் காட்டும். வார்டில் இரண்டு நாள் டிரிப்ஸில் கிடந்தவருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். டிரமடால் போன்ற வலி மருந்துகளும் குழாயின் வாயை இறுக்கிக் குழப்பும். வேலூர் சி.எம்.சி. போல அணு மருத்துவப் பிரிவு உள்ள இடங்களில்தான் இதை எடுக்க முடியும். டெக்னீசியம் 6 மணி நேரத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும் என்பதால் கொடுத்த நேரத்தைத் தவறவிட்டால் அந்த மருந்து வீணாகும்.

சி.டி.க்கு வருவோம். கொலஸ்ட்ரால் கல் பித்தத்தின் அடர்த்தியிலேயே இருப்பதால் சி.டி.யில் கரைந்துபோனது போல மறைந்துவிடும். அதனால் கல்லைத் தேடச் சி.டி. எடுப்பது காசுக்கும் கேடு, கதிர்வீச்சுக்கும் கேடு. பை ஓட்டையாகிவிட்டதா, அழுகிவிட்டதா, சுற்றிச் சீழ்க்கட்டியா, கணையம் எவ்வளவு பாதித்திருக்கிறது, சுவரில் ஓரிடம் மட்டும் தடித்துப் புற்றுநோய்ச் சந்தேகம் எழுகிறதா என்ற கேள்விகளுக்குச் சாய ஊசியோடு எடுக்கும் சி.டி. அருமையான பதில் தரும். அதற்கு முன் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும்.

சாதாரண எண்டோஸ்கோப்பி இரைப்பையைத்தான் பார்க்கும், பித்தப்பை அதில் தெரியாது. "எண்டோஸ்கோப்பி நார்மல், அதனால் கல் இல்லை" என்பது அடிக்கடி காதில் விழும் தவறு. புண்ணா, பையா என்று வலி குழப்பும்போது இரண்டையும் செய்ய வேண்டியிருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் சாய ஊசி இல்லாத எம்.ஆர்.சி.பி. இவற்றோடு நிறுத்திக்கொள்வதே வழக்கம். கர்ப்பத்தில் அல்ட்ராசவுண்ட் எடுத்தால் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தின்படி படிவம் நிரப்பச் சொல்வார்கள், அடையாள அட்டை எடுத்துப் போங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தப் பரிசோதனை அதில் சேரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். மருத்துவமனை மாறினால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம் பதிந்த குறுந்தட்டையும் சேர்த்து வாங்குங்கள். அது இல்லாததால்தான் அதே எம்.ஆர்.சி.பி.க்கு இரண்டு முறை பணம் கட்ட நேர்கிறது.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சள், மேல்வயிற்று வலி மூன்றும் சேர்ந்துவிட்டால் மேலே சொன்ன எந்த ஒப்பீடும் வேண்டாம். குழாயில் சீழ் பிடித்திருக்கிறது. 108-ஐ அழைத்து, இரவானாலும் இ.ஆர்.சி.பி. வசதி உள்ள மருத்துவமனைக்கே போங்கள். சின்ன சென்டரில் ஸ்கேனுக்காக விடியும் வரை உட்கார வேண்டாம்.

எந்தப் பரிசோதனையும் வேண்டாத ஒரு கூட்டமும் இருக்கிறது. மாஸ்டர் செக்கப்பில் தற்செயலாகக் கல் தெரிந்து, வலி ஒரு முறைகூட வராதவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கத் தொந்தரவு வராது. குழாய் விரியாமல், ஈரல் அளவுகள் சரியாக இருந்தால் எம்.ஆர்.சி.பி.யும் வேண்டாம், அறுவையும் வேண்டாம். 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், 10 மி.மீ.யை எட்டிய பாலிப், சுண்ணாம்பு படிந்த சுவர் இருந்தால் மட்டும் அறுவை மருத்துவரிடம் பேச வேண்டும். மற்றவர்கள் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்தி வைத்து, எப்போதாவது வலி வந்தால் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணி நேரம் நின்றது, அதற்கு முன் என்ன சாப்பிட்டது என்று குறித்துக்கொண்டு, அன்றைக்கே எல்.எஃப்.டி.க்கு ரத்தம் கொடுத்தால் போதும்.